கிறுகுற லென்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாததற்குப் போடுகிற பவர்) உள்ளவர்களும் கண்ணிலேயே ஒட்டிப் போடுகிற சொஃப்ட் லென்ஸ் போடலாம், அவர்களுக்கென்றே டொரிக் லென்ஸ் என்று ஒன்று இருக்கிறது என்று இரண்டு மாதத்துக்கு முன் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் பலர் வாங்கிப் போட்டேவிட்டார்கள். போட்டவர்களில் பாதிப்பேர் என்னைத் திட்டுகிறார்கள். இந்த மாதப் பக்கம் முழுக்க அவர்களுக்குத்தான்.

நான் டொக்டர் இல்லை என்பதை மறுபடி சொல்லிவைக்கிறேன். மட்டக்களப்பு நகரில் கண்ணாடிக் கடைகளின் சோதனை அறையில் இருபத்தாறு வருடம் நின்றவள். என் இரண்டு கண்ணிலும் சிலிண்டர். டொரிக் லென்ஸ் போடத் தொடங்கிப் பதினாலு வருடம் ஆகிறது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஆசிரியை: தமிழ் படிப்பிக்கிறேன். வயது 34. கிட்டப்பார்வையோடு சிலிண்டரும் உண்டு. வலது கண்ணில் 1.75, இடது கண்ணில் 0.75. டொரிக் லென்ஸ் போட்டு ஒன்பது நாள். முதல் நாளிலிருந்தே காலை ஆறரைக்குப் போட்டு இரவு ஒன்பதுக்குத்தான் கழற்றுகிறேன். காலையில் பலகை பளிச்சென்று தெரிகிறது. கொப்பி திருத்திவிட்டு நிமிர்ந்தால் எழுத்துக்கு நிழல் விழுகிறது, வலது கண்ணில்தான் கூட. சிமிட்டினால் சில நேரம் சரியாகிறது, சில நேரம் இல்லை. பின்னேரம் கட்டிலில் சரிந்து படுத்துப் போன் பார்த்தால் ஒன்றுமே விளங்கவில்லை. கடையில் கேட்டால் “பழகும் டீச்சர், பொறுங்க” என்கிறார்கள். என் கண்தான் பிழையா? எத்தனை நாள் பொறுப்பது?

பதில்: டீச்சர், உங்கள் கண்ணில் ஒரு பிழையும் இல்லை. வலது கண் லென்ஸ் கிறுகுது. நம்மட ஊர்ச் சொல் இதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. அது கண்ணை விட்டு விலகவில்லை, மேலே கீழே போகவில்லை. நின்ற இடத்திலேயே சைக்கிள் சில்லுப் போல ஒள்ளுப்பம் திரும்பிவிடுகிறது.

குசினிக்குப் போய் ஒரு சிரட்டை அகப்பையும் ஒரு மேசைக்கரண்டியும் எடுங்கள். அகப்பையின் முதுகைத் தடவினால் எந்தப் பக்கமும் ஏறக்குறைய ஒரே வளைவு. கரண்டியின் முதுகில் நீளவாட்டுக்கு ஒரு வளைவு, குறுக்குவாட்டுக்கு வேறொரு வளைவு. கருவிழிக்கு முன்னால் கண்ணாடி போல மூடியிருக்கும் படலம் அகப்பை மாதிரி இருந்தால் வெளிச்சம் ஒரு புள்ளியில் வந்து சேரும். கரண்டி மாதிரி இருந்தால் சேராது. அஸ்டிக்மாடிசம் என்று டொக்டர்மார் சொல்வது இதைத்தான். இங்கிலாந்து வானியலாளர் ஜோர்ஜ் எயாரி தன் இடது கண் இப்படி இருப்பதைத் தானே கணக்குப்போட்டுக் கண்டுபிடித்து, 1825 இல் அதற்கென்று உருளை வளைவுள்ள லென்ஸ் ஒன்றைச் செய்வித்தார். உருளை என்றால் சிலிண்டர். கண்ணாடிக்குப் பவர் குறித்துக் கொடுக்கிற துண்டில் நாம் இன்றைக்கும் எழுதுகிற பெயர் அந்த வடிவத்தின் பெயர்தான்.

உருளைக்கு ஒரு திசை உண்டு. அந்தத் திசையைத்தான் அக்சிஸ் என்று பாகையில் எழுதுகிறோம். மூக்குக்கண்ணாடியில் அது பிறேமுக்குள் இறுகி நிற்கும், அசையாது. கண்ணீரில் மிதக்கிற லென்ஸை எப்படி நிறுத்துவது? லென்ஸைச் செய்கிறவர்கள் ஒரு பக்கத்தைத் தடிப்பாகவும் மற்றப் பக்கத்தை மெல்லிசாகவும் வைக்கிறார்கள். வத்தகப்பழ விதையை இரண்டு விரலால் அமத்தினால் வழுக்கிக்கொண்டு வெளியே பாயுமே, அதே வேலையைத்தான் உங்கள் இமை செய்கிறது. ஒவ்வொரு சிமிட்டலுக்கும் மேல் இமை தடித்த பக்கத்தைக் கீழே தள்ளி லென்ஸை நேராக்கி வைக்கிறது. போட்டவுடன் அஞ்சு பத்து நிமிடம் பார்வை அலைகிறது என்றால் இமை இன்னும் தன் வேலையை முடிக்கவில்லை என்று அர்த்தம். அதற்குள் பயந்து கழற்றிவிடாதீர்கள்.

இப்போது உங்கள் கணக்கு. லென்ஸ் 10 பாகை கிறுகினால் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு திருத்தப்படாமல் நிற்கும். வலது கண்ணின் 1.75 இல் அது கிட்டத்தட்ட 0.60, பலகை எழுத்துக்கு நிழல் விழ அது தாராளம். இடது கண்ணும் அதே 10 பாகை கிறுகலாம், ஆனால் 0.75 இல் மிஞ்சுவது 0.25 தான், உங்களுக்குத் தெரியவே தெரியாது. இடது கண் நல்ல பிள்ளையாகவும் வலது கண் குழப்படிக்காரியாகவும் தெரிவதற்குக் காரணம் இதுதான். 30 பாகை கிறுகினால் இருக்கிற சிலிண்டர் அளவுக்கே கலக்கம் வந்துவிடும். அந்த நேரம் டொரிக் போட்டதும் போடாததும் ஒன்று.

உங்களுடைய கலக்கத்தில் இரண்டு வகை கலந்து கிடக்கிறது. கொப்பி திருத்தும்போது நாம் சிமிட்டுவது பாதியாகக் குறைந்துவிடும். லென்ஸின் முகம் காய்ந்து, பனிமூட்டம் போட்ட மாதிரி எல்லா எழுத்தும் ஒரேயடியாக மங்கும். நாலு தரம் முழுசாகச் சிமிட்டினால் போய்விடும். அது காய்ச்சல், லென்ஸின் காய்ச்சலைச் சொல்கிறேன், உடம்புக் காய்ச்சலை அல்ல. கிறுகின கலக்கம் வேறு மாதிரி. எழுத்து மங்காது, ஒரு பக்கமாக இழுபடும். நீங்கள் தமிழ் டீச்சர் என்பதால் சுகமான சோதனை ஒன்று இருக்கிறது. பலகையின் மேல் மூலையில் ‘கண்ணன்’ என்று எழுதிவிட்டுக் கடைசி வாங்கில் போய் இருங்கள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பாருங்கள். ‘ண’வின் சுழியும் ‘ன’வின் சுழியும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து எது எதென்று தெரியாமல் போகிறதா, ‘ண்’ணின் புள்ளி இரண்டாகத் தெரிகிறதா, அந்த இரண்டாவது புள்ளி எந்தப் பக்கம் நிற்கிறது? காலையில் ஒருக்கா, இடைவேளைக்குப் பிறகு ஒருக்கா, பாடசாலை விடும்போது ஒருக்கா பார்த்து ஒரு துண்டில் குறித்து வையுங்கள். அந்தத் துண்டு கடைக்காரருக்கு உங்கள் நூறு வார்த்தையை விடப் பெறுமதி.

மறுகா கடைக்குப் போங்கள், ஆனால் லென்ஸைக் கேஸில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். கண்ணில் போட்டு மூன்று மணித்தியாலமாவது ஆனபிறகு, கலக்கம் இருக்கும்போதே, பின்னேரமாகப் போங்கள். டொரிக் லென்ஸின் விளிம்பில் மயிர்க்கோடு போல ஒரு அடையாளம் வைத்திருப்பார்கள். பல வகைகளில் அது கீழே, மணிக்கூட்டின் ஆறு நிற்கும் இடத்தில் நிற்க வேண்டும். கண் பார்க்கிற மைக்கிரஸ்கோப்பில் நாடியை வைத்தால் ஒரு நிமிட வேலை. அடையாளம் ஆறில் நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா என்று நீங்களே கேளுங்கள். எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளி நின்றால் அது சின்னச் சோலி. தள்ளின பாகையைக் கணக்கில் எடுத்து வேறு அக்சிஸில் ஒரு லென்ஸ் எடுப்பார்கள். ஒவ்வொரு சிமிட்டலுக்கும் அங்கேயும் இங்கேயும் ஆடினால் அக்சிஸை மாற்றிப் பிரயோசனமில்லை. அந்த வகை லென்ஸ் உங்கள் கண்ணின் வளைவுக்கோ இமைக்கோ பொருந்தவில்லை. வேறு வகை பார்க்க வேண்டும்.

“பழகும்” என்ற சொல்லில் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்று உண்டு. என் முதல் டொரிக் லென்ஸை வேறொரு ஊரில் எடுத்தேன். ஊரைச் சொல்லமாட்டேன். இடது கண்ணில் எனக்கு 2.25. கல்லடிப் பாலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வருகிற பஸ்ஸின் பெயர்ப்பலகை எனக்கு இரண்டு தட்டாகத் தெரியும், கல்முனையா களுவாஞ்சிக்குடியா என்று பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்பேன். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவள் பஸ் போர்டு வாசிக்க ஆள் தேடுகிறாள்! அங்கே போய்ச் சொன்னால் “பழகும் மிஸ்”. இரண்டு மாதம் பழகினேன். கடைசியில் இன்னோர் இடத்தில் ஒரு அம்மா மைக்கிரஸ்கோப்பில் எட்டிப் பார்த்துவிட்டு, “அடையாளம் அஞ்சு மணியில நிக்குது” என்றார். மணிக்கூட்டில் ஆறுக்கும் அஞ்சுக்கும் இடையில் 30 பாகை. இரண்டு மாதமாக நான் சிலிண்டர் இல்லாமலேதான் திரிந்திருக்கிறேன். வேறு வகை ஒன்று போட்டார், அது ஆறிலேயே குந்திக்கொண்டது. வாசலுக்கு வந்து எதிர்க்கடையின் விலைப்பலகையை வாசித்துக்கொண்டே நின்றேன், பருப்பு, சீனி, கிழங்கு என்று கடைசி வரி வரைக்கும்.

எதைப் பொறுக்கலாம் என்றும் சொல்ல வேண்டுமல்லவா. கண்ணுக்குள் ஏதோ இருக்கிறது என்ற உணர்வு, கொஞ்சம் கண்ணீர், இரவில் சைக்கிள் லைட்டைச் சுற்றி மெல்லிய வட்டம்: இவை முதல் கிழமை, கூடிப்போனால் இரண்டு கிழமை. கண்ணாடியில் சிலிண்டர் போட்டுப் பழகினவர்களுக்கு லென்ஸ் போட்ட புதிதில் கதவு நிலையும் நிலமும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். மூளைக்கு அந்தப் பழைய சரிவு பழகியிருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான். ஆனால் நோவு, சிவப்பு, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், பீளை, கழற்றிய பிறகும் தெளியாத பார்வை, இவற்றில் ஒன்று வந்தாலும் பொறுக்கக் கூடாது. உடனே கழற்றிவிட்டு அன்றைக்கே கண் டொக்டரிடம் போங்கள். லென்ஸையும் கேஸையும் எறியாமல் கையோடு கொண்டுபோங்கள், கிருமி சோதிக்க உதவும்.

உங்களில் ஒரு குற்றமும் இருக்கிறது டீச்சர். முதல் நாளே பதினாலரை மணித்தியாலம்! முதல் நாள் நாலு மணித்தியாலம், பிறகு நாளுக்கு ஒன்று இரண்டாகக் கூட்டுவது என்பதுதான் கணக்கு. இப்போதைக்குப் பாடசாலை விட்டு வந்தவுடன் கழற்றிவிட்டுக் கண்ணாடியைப் போடுங்கள். சரிந்து படுத்துப் போன் பார்க்கும்போது கண் பக்கவாட்டில், தலையணை இமையைத் தள்ளுகிறது, பாரமான பக்கம் நிலத்தைத் தேடுகிறது. எவ்வளவு நல்ல டொரிக் லென்ஸும் அங்கே கிறுகத்தான் செய்யும். அதற்கு எந்தக் கடையிலும் மருந்தில்லை. எழும்பி இருந்து பாருங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தகப்பன்: மகளின் கண்ணாடிக்கு எழுதித் தந்த துண்டில் வலது கண்ணுக்கு −6.00, சிலிண்டர் −1.50, அக்சிஸ் 180 என்று இருக்கிறது. லென்ஸ் பெட்டியில் −5.50, −1.25, 10 என்று போட்டிருக்கிறது. மூன்று எண்ணும் வேறு. இருப்பில் கிடந்ததைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: இல்லை வாப்பா. அந்த மூன்று எண்ணையும் பார்த்தால் உங்கள் பிள்ளைக்குப் பார்த்தவர் வேலை தெரிந்தவர் என்றுதான் எனக்குப் படுகிறது.

கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு சென்டிமீற்றருக்குக் கொஞ்சம் கூடத் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கண்ணிலேயே ஒட்டி நிற்கிறது. கிட்டப்பார்வைக்காரருக்குக் கண்ணுக்குக் கிட்டப் போகப்போகக் குறைந்த பவர் போதும். நாலுக்கு மேற்பட்ட பவரில் இந்த வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்தே எடுக்க வேண்டும். 12 மில்லிமீற்றர் தூரத்துக்குக் கணக்குப் போட்டால் 6.00 என்பது 5.60 ஆகிறது, கிட்டின அளவு 5.50. சிலிண்டரும் அதே காரணத்தால் சுருங்கி 1.28 ஆகிறது. டொரிக் லென்ஸில் சிலிண்டர் பெரும்பாலும் 0.75, 1.25, 1.75, 2.25 என்று அரை அரையாகத்தான் வரும், ஆகவே 1.25. இதுவரை கணக்கு.

அக்சிஸ்தான் சுவையான இடம். 180 கேட்ட கண்ணுக்கு ஏன் 10? சோதனைக்குப் போட்ட லென்ஸ் மகளின் கண்ணில் பார்க்கிறவருடைய இடப் பக்கமாக 10 பாகை கிறுகி நின்றிருக்கும். இடப் பக்கம் கிறுகினால் கூட்டு, வலப் பக்கம் கிறுகினால் கழி என்பது எங்கள் தொழிலில் பாடமாக்கி வைத்திருக்கிற விதி. 180 உடன் 10 கூட்டினால் 190. அக்சிஸ் 180 தோடு முடிந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதால் அது 10. லென்ஸ் வழக்கம்போலக் கிறுகட்டும், கிறுகின பிறகு சரியான இடத்தில் வந்து நிற்கும். வெயிலுக்கு வளைந்த மரத்தைக் கண்டு பந்தல் கால் நடுகிற மாதிரி.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வலது லென்ஸும் இடது லென்ஸும் மாறிவிடக் கூடாது. சாதாரண லென்ஸ் மாறினால் பவர் கிட்டக்கிட்ட இருந்தால் தப்பிவிடலாம். டொரிக்கில் திசையே மாறிப்போகும். மூன்று கிழமை தலையிடியோடு திரிந்துவிட்டு வந்த ஒரு பெடியனுக்கு நான் செய்த வைத்தியம் இரண்டு லென்ஸையும் இடம் மாற்றிப் போட்டது மட்டும்தான். எப்போதும் வலதைத்தான் முதலில் போடுவது, முதலில் கழற்றுவது என்று மகளைப் பழக்கிவிடுங்கள்.

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரி: ஐந்து நேரமும் தொழுகைக்கு வுழூ செய்யும்போது முகம் கழுவுகிறோமே, லென்ஸோடு கழுவலாமா? சுருமா போடலாமா?

பதில்: மார்க்க விஷயத்தை மௌலவியிடம் கேளுங்கள் தங்கச்சி, நான் கண் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். தண்ணீர் லென்ஸில் படக் கூடாது. கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், வாவித் தண்ணீர், கொதிக்கவைத்து ஆறின தண்ணீர், எதுவும். அகந்தமீபா என்று ஒரு நுண்ணுயிர் தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக இருக்கிறது. குடித்தால் ஒன்றும் செய்யாது. லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் அகப்பட்டால் கருவிழியைத் துளைத்துப் பார்வையையே எடுத்துவிடும், மருந்தும் மாதக்கணக்கில். 1980களில் அமெரிக்காவில் உப்புக் குளிசையைக் கரைத்து வீட்டிலேயே லென்ஸ் தண்ணீர் செய்தவர்களுக்குத்தான் இது கூடுதலாக வந்தது. நம்மட பக்கத்திலும் “உப்புத் தண்ணியில கழுவினா என்ன?” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கழுவக் கூடாது.

முகம் கழுவும்போது கண்ணை இறுக்கி மூடுங்கள். கழுவி முடிந்ததும் கண்ணைத் திறக்காமல் துவாயை எடுத்து இமையையும் இமைமயிரையும் ஒற்றி எடுங்கள், பிறகு திறவுங்கள். துவாயைக் கைக்கெட்டும் இடத்தில் முதலே வைத்துக்கொண்டால் கஷ்டமில்லை. அப்படியும் ஒவ்வொரு நாளும் தண்ணீர் உள்ளே போகிறது என்றால் ஒருநாள் பாவித்து எறிகிற டொரிக் லென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். குளிப்பதும் நீந்துவதும் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான். பாசிக்குடாவுக்குப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

சுருமா வேண்டாம். தூள் கண்ணீரில் மிதந்து லென்ஸில் ஒட்டும், சுருமாக்கள் பலவற்றில் ஈயம் வேறு இருக்கிறது. மை பூசத்தான் வேண்டும் என்றால் லென்ஸைப் போட்ட பிறகு, இமைமயிருக்கு வெளிப்பக்கமாக மட்டும்.

ஒன்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், எல்லாக் குசினிக்காரருக்கும். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். நண்டுக்கறியோ பொரித்த மிளகாயோ சாப்பிட்ட விரலை மூன்று தரம் சவர்க்காரம் போட்டாலும் நகத்துக்குள் உறைப்பு நிற்கும். அந்த விரலால் லென்ஸைக் கழற்றினால் கத்தல் பக்கத்து வளவுக்குக் கேட்கும். நான் கழற்றுவதை இடது கைக்குப் பழக்கிக்கொண்டேன். போடுவது காலையில், சமைக்க முதல், தலைக்கு எண்ணெய் வைக்க முதல். எண்ணெய்க் கை பட்ட லென்ஸில் அன்று முழுக்க எண்ணெய்ச் சட்டி வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கும்; அது சிலிண்டரால் வந்தது என்று கடைக்கு ஓடாதீர்கள்.

சம்மாந்துறையிலிருந்து வெட்டு மெசின் ஓட்டும் தம்பி: வயல் வேலைக்கு லென்ஸ் போட்டுப் போகலாமா? கண்ணாடியில் தூசி படிந்து தொல்லை.

பதில்: வேண்டாம் தம்பி. சிறுபோக அறுவடையும் கச்சான் காற்றும் ஒன்றாய் வருகிற நாட்களில் பதரும் சுணையும் எங்கே போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. லென்ஸுக்கு அடியில் ஒரு சுணை போனால் சிமிட்டச் சிமிட்ட அது அரம் போல உரசும், மெசினை நிறுத்தி இறங்கிக் கழுவக் கையும் சுத்தமில்லை. நெல்லுத் துண்டு கீறின கண்ணில் பூஞ்சணம் பிடித்தால் பெரிய வருத்தம். வயலுக்குக் கண்ணாடி, அதற்கு மேல் பக்கம் மூடின பாதுகாப்புக் கண்ணாடி. கலியாணத்துக்கும் கிரிக்கெட்டுக்கும் லென்ஸ். மோட்டார் சைக்கிளில் போனால் ஹெல்மெட் வைசரை இறக்கிவிடுங்கள். சொலூசன் போத்தலை சீற்றுக்குக் கீழே வெயிலில் வேகவிடாதீர்கள்.

அம்பாறையிலிருந்து ஓர் அலுவலர், வயது 46: டொரிக் லென்ஸில் தூரம் அருமை. ஆனால் ஃபைல் வாசிக்க முடியவில்லை. முன்பு கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்துவிடுவேன்.

பதில்: உங்கள் லென்ஸ் சரியாக வேலை செய்கிறது சேர், அதனால்தான் இந்தச் சங்கடம். கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடியைக் கழற்றினால் கிட்ட உள்ளது தானாகத் தெரியும். அந்தச் சலுகையை லென்ஸ் எடுத்துவிட்டது. வயது நாற்பது தாண்டிய கண் கிட்டத்துக்குக் குவிய மறுக்கிறது, லென்ஸோடு அது கண்ணாடியில் குவிந்ததை விடக் கொஞ்சம் கூடவே குவிய வேண்டியும் இருக்கிறது. சுகமான வழி: லென்ஸைப் போட்டபடியே மேலே ஒரு வாசிப்புக் கண்ணாடி. லாச்சிக்குள் ஒன்று, வீட்டில் ஒன்று. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்கும் வைக்கிற முறையும் உண்டு. இரவில் கார் ஓட்டுகிறவர் என்றால் அதைப் பழகிப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

செங்கலடியிலிருந்து ஏ.எல். மாணவி: லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விட்டால் என்ன செய்வது? அம்மா இதைச் சொல்லியே போடவிடுகிறார் இல்லை.

பதில்: போகாது மகள். வெள்ளை விழியை மூடியிருக்கும் மெல்லிய தோல் மடிந்து இமையின் உட்புறமாகத் திரும்பி வருகிறது. பின்னால் போக வழியே இல்லை, பை மாதிரி அடைத்திருக்கிறது. மேல் இமைக்குள் மடிந்து ஒளிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். லென்ஸுக்குரிய சொட்டு மருந்தை இரண்டு துளி விட்டுக் கீழே பார்த்து இமையை மெல்லத் தடவினால் வந்துவிடும். வராவிட்டால் தோண்டாமல் கண் பார்க்கிறவரிடம் போ. அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. அதோடு இதையும் காட்டு: இரவு படித்துப் படித்து லென்ஸோடு நித்திரையானால் கண்ணில் புண் வருகிற ஆபத்து ஆறு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஏ.எல். பிள்ளைகளில் நான் பயப்படுவது அதற்கு மட்டும்தான். மேசையில் குந்த முதல் கழற்று.

வாழைச்சேனையிலிருந்து: கேஸில் சொலூசன் விட மறந்து லென்ஸ் காய்ந்துவிட்டது. இத்துடன் அனுப்பியுள்ளேன். ஊறவைத்தால் பாவிக்கலாமா என்று பார்த்துச் சொல்லவும்.

பதில்: கடித உறைக்குள் கடதாசியில் மடித்த லென்ஸ் எனக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

சொஃப்ட் லென்ஸ் தண்ணீரைக் குடித்து நிற்கிற பிளாஸ்டிக். பிராக் நகரத்து இரசாயன அறிஞர் ஒட்டோ விச்டர்லே 1961 நத்தார் காலத்தில், மகனின் விளையாட்டுப் பொருத்துச் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் பூட்டி வீட்டு மேசையிலேயே சுழற்றி வார்த்தெடுத்ததும் இந்த வகைப் பொருளைத்தான். தண்ணீர் போனால் சுருங்கி அப்பளம் போல முறுகும். ஊறவைத்தால் மறுபடி விரியும், பார்வைக்குப் புதிது போலவும் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்திருக்கும், அது கருவிழியைக் கீறும். உங்களுடையது டொரிக் என்று எழுதியிருக்கிறீர்கள். விரிந்த பிறகு பழைய வளைவுக்கு வராவிட்டால் கண்ணில் ஆறு மணியில் நிற்கவும் மாட்டாது. கேஸையும் மாற்றுங்கள், மூன்று மாதத்துக்கு மேல் ஒரு கேஸை வைத்திருக்கக் கூடாது. நேற்றைய சொலூசனுக்கு மேல் இன்றைக்கு ஊற்றி நிரப்புகிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். காலையில் லென்ஸை எடுத்ததும் பழைய சொலூசனை வெளியே ஊற்றிவிட்டுக் கேஸைக் கவிழ்த்துக் காயவையுங்கள்.

நீங்கள் அனுப்பிய லென்ஸைக் கடதாசியிலிருந்து எடுக்கும்போதே இரண்டாக உடைந்துவிட்டது. அடுத்த முறை பெட்டியின் படத்தை மட்டும் அனுப்பினால் போதும்.